லீட், கைட், டைரக்ட், ஸ்டீயர்: வழிநடத்தும் ஆங்கில வினைச்சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொழிபெயர்ப்புப் பயிற்சி வகுப்பில் பல ஆண்டுகளாக ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வருகிறேன். பாட்டியைக் கைபிடித்துக் கோயிலுக்கு அழைத்துச் சென்றதை ஆங்கிலத்தில் எழுத முயன்ற ஒரு மாணவி, அதற்கு 'டைரக்ட்' என்ற வினையைப் போட்டிருந்தார். அந்த வாக்கியத்தைப் படிக்கும் ஆங்கிலேயர், பேத்தி திண்ணையில் உட்கார்ந்தபடியே கையை நீட்டி வழி சொன்னதாகவும் பாட்டி தனியாக நடந்து போனதாகவும்தான் புரிந்துகொள்வார். இலக்கணப் பிழை ஒன்றுகூட இல்லாமல், நடந்த செய்தி முழுவதும் மாறிவிட்டது. இதே வகை ஐயங்கள் ஒவ்வோர் ஆண்டும் வருவதால், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளைத் தொகுத்து விடை எழுதியிருக்கிறேன்.

1. அகராதியைப் பார்த்தால் எல்லாவற்றுக்கும் 'வழிநடத்து', 'வழிகாட்டு' என்றுதான் இருக்கிறது. உண்மையிலேயே வேறுபாடு இருக்கிறதா?

இருக்கிறது. அகராதி ஒவ்வொரு சொல்லுக்கும் அருகில் இருக்கும் தமிழ்ச் சொல்லைத் தருகிறதே தவிர, அந்தச் செயல் நடக்கும் காட்சியைத் தருவதில்லை. காட்சியைப் பிடிக்க இரண்டு கேள்விகளைக் கேட்டுக்கொள்ளும்படி என் மாணவர்களிடம் சொல்வேன். வழி நடத்துபவர் எங்கே நிற்கிறார் என்பது முதல் கேள்வி: முன்னாலா, பக்கத்திலா, பின்னாலா, அல்லது இருந்த இடத்திலேயேவா? நடத்தப்படுபவர் 'மாட்டேன்' என்று சொல்ல முடியுமா என்பது இரண்டாவது கேள்வி.

இந்த இரண்டுக்கும் விடை தெரிந்துவிட்டால் பெரும்பாலான சொற்கள் தாமாகப் பிரிந்து நின்றுவிடும். கீழே உள்ள விடைகளில் பல இந்த இரண்டு கேள்விகளையே நாடி வரும்.

2. 'லீட்', 'கைட்' இரண்டிலும் ஒருவர் கூடவே வருகிறார். அப்படியானால் எதை எங்கே போடுவது?

'லீட்' செய்பவர் முன்னால் போகிறார், மற்றவர்கள் பின்தொடர்கிறார்கள். பழைய ஆங்கிலத்தில் இதன் மூலச் சொல்லுக்குப் 'போகச் செய்தல்' என்பதே பொருள். முன்னால் போகிறவருக்கு வழி தெரிந்திருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. ஊர்வலத்தின் முதல் வரிசையில் நடப்பவரும், போட்டியில் முந்தி ஓடுபவரும், ஒரு கட்சியின் தலைவரும் 'லீட்' செய்கிறார்கள். 'கைட்' செய்பவருக்கோ வழி தெரிந்திருந்தே ஆக வேண்டும், ஏனென்றால் அவருடைய தகுதியே அந்த அறிவுதான். மாமல்லபுரத்துக்கு வரும் ஒரு சுற்றுலாக் குழுவுக்குத் தலைவர் ஒருவர் இருப்பார். அவர் குழுவை 'லீட்' செய்கிறார். அந்தத் தலைவரையும் சேர்த்துக் கூட்டிப்போய் அருச்சுனன் தபசின் முன் நிறுத்தி விளக்கம் சொல்கிற உள்ளூர்க்காரர் 'கைட்' செய்கிறார். கைடுக்குக் குழுவின் மேல் எந்த அதிகாரமும் கிடையாது.

பார்வையற்ற ஒருவருடன் சாலையைக் கடப்பதைப் பாருங்கள். முறையாகப் பயின்றவர்கள் அவருடைய கையைப் பற்றி இழுப்பதில்லை. தங்கள் முழங்கைக்குச் சற்று மேலே அவரையே பிடித்துக்கொள்ளச் சொல்லி, அரை அடி முன்னால் நடக்கிறார்கள். படி வரும்போது தோளின் ஏற்ற இறக்கத்திலிருந்தே அவர் தெரிந்துகொள்கிறார். பிடி அவருடையது என்பதால் விரும்பிய நேரத்தில் விட்டுவிடலாம். ஆங்கிலத்தில் இது 'கைட்'. மணிக்கட்டைப் பற்றி இழுத்துக்கொண்டு போனால், எவ்வளவு நல்லெண்ணத்துடன் செய்தாலும், அது 'லீட்' என்ற சொல்லின் பக்கம் போய்விடுகிறது.

3. அப்படியானால் பார்வையற்றவரோடு வரும் நாய் முன்னால்தானே போகிறது? அதை ஏன் 'லீட் டாக்' என்று சொல்வதில்லை?

'லீட் டாக்' என்றும் ஒன்று உண்டு. பனிச்சறுக்கு வண்டியை இழுக்கும் நாய்க் கூட்டத்தில் எல்லாவற்றுக்கும் முன்னால் கட்டப்பட்டிருக்கும் நாய்க்கு அந்தப் பெயர். (பிரிட்டனில் நாயைக் கட்டும் வாருக்கும் 'லீட்' என்றே பெயர் என்பதால் கவனமாகப் படிக்க வேண்டும்.)

பார்வையற்றவருக்கு உதவும் நாய் 'கைட் டாக்'. இதில் பலர் அறியாத ஒரு நுட்பம் இருக்கிறது. கடைக்கா, பேருந்து நிறுத்தத்துக்கா, எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்பதெல்லாம் நாய்க்குத் தெரியாது. அவற்றை முடிவு செய்து இடம், வலம், நேர் என்று சொல்பவர் பார்வையற்றவர்தான். அதாவது அவர் நாயை 'டைரக்ட்' செய்கிறார். பள்ளம், கம்பம், தாழ்ந்த கிளை ஆகியவற்றில் மோதாமல் நாய் அவரை 'கைட்' செய்கிறது. ஒரே நடையில் இருவரும் ஒருவரையொருவர் வழிநடத்துகிறார்கள், ஆனால் வெவ்வேறு வினைகளால். வாகனம் வரும்போது 'நேராகப் போ' என்று சொன்னால் நாய் நகராமல் நின்றுவிடும். அப்படிக் கீழ்ப்படியாமல் இருப்பதற்கே அதற்குத் தனியாகப் பயிற்சி கொடுக்கிறார்கள். 'கைட்' என்ற சொல்லுக்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் கண்டதில்லை.

4. தெருவில் ஒருவர் வழி கேட்டார், சொன்னேன். இதற்கு 'கைட்' சரியா, 'டைரக்ட்' சரியா?

'டைரக்ட்'. இதன் இலத்தீன் மூலத்துக்கு 'நேராக்கு', 'நேர்ப்படுத்து' என்று பொருள். நீங்கள் இருந்த இடத்தில் இருந்தபடி அவரை ஒரு திசைக்கு நேராகத் திருப்பிவிடுகிறீர்கள். நடப்பது அவர் வேலை.

இந்தக் காட்சி தமிழுக்கு மிகப் பழையது. பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுகள் ஆற்றுப்படைகள். ஆறு என்றால் வழி. ஆற்றுப்படுத்துதல் என்றால் வழியில் செலுத்துதல். பரிசில் பெற்றுத் திரும்பும் பாணனோ கூத்தனோ எதிரே வரும் வறியவனிடம், இன்ன நிலத்தைக் கடந்து இன்ன ஊர் வழியாகப் போனால் இன்ன வள்ளலைக் காணலாம் என்று சொல்கிறான். அவன் கூட நடப்பதில்லை. ஆற்றுப்படுத்துதல் இந்த இடத்தில் 'டைரக்ட்' என்பதோடு அப்படியே பொருந்துகிறது. இலங்கையில் உளவள ஆலோசனைக்கு இன்று 'ஆற்றுப்படுத்தல்' என்ற சொல்லைப் பயன்படுத்துகிறார்கள். நடக்க வேண்டியவர் ஆலோசனை பெறுபவரே என்ற உண்மை அதில் அடங்கியிருப்பதால் அதை மிகப் பொருத்தமான தேர்வாகக் கருதுகிறேன்.

5. வழி சொல்வது 'டைரக்ட்' என்றால், நீதிமன்றம் 'டைரக்ட்' செய்தது என்று செய்தியில் வருகிறதே, அது எப்படி?

வினைக்குப் பின்னால் என்ன வருகிறது என்று பாருங்கள். ஆளுக்குப் பின் இடம் வந்தால் வழி சொல்லுதல். ஆளுக்குப் பின் இன்னொரு வினை வந்தால் உத்தரவிடுதல். 'மருத்துவமனைக்கு டைரக்ட் செய்தார்' என்பதில் கட்டாயம் இல்லை. 'இழப்பீடு வழங்கும்படி டைரக்ட் செய்தது' என்பதில் மறுக்கும் உரிமை இல்லை. முதல் விடையில் சொன்ன இரண்டாவது கேள்வி இங்கேதான் உதவுகிறது.

'கமாண்ட்', 'ஆர்டர்' ஆகியவையும் கட்டாயமானவையே. ஆனால் 'கமாண்ட்' படை, அரசு போன்ற அதிகாரத்தின் குரல். 'ஆர்டர்' அன்றாட வாழ்க்கையிலும் வரும், சில நேரம் கடுமையாக ஒலிக்கும். 'டைரக்ட்' அமைதியான, அலுவல் சார்ந்த சொல். 'இன்ஸ்ட்ரக்ட்' என்பதில் எப்படிச் செய்வது என்ற விளக்கமும் சேர்ந்திருக்கும். எனவே செய்தியை மொழிபெயர்க்கும்போது நீதிமன்றத்தின் 'டைரக்ட்' என்பதற்கு 'உத்தரவிட்டது' என்றே எழுதுங்கள். 'அறிவுறுத்தியது' என்று எழுதினால் ஏதோ அறிவுரை சொன்னதுபோல் ஆகிவிடும்.

6. திரைப்பட 'டைரக்டர்' இயக்குநரா, நெறியாளரா?

இரண்டும் சரி. தமிழ்நாட்டில் இயக்குநர் நிலைத்துவிட்டது. இலங்கையில் நாடகத்துக்கு 'நெறியாள்கை' என்று எழுதுகிறார்கள். 'இயக்கு' என்பது அசையச் செய்வதையும் 'நெறியாள்' என்பது நேரான வழியில் செலுத்துவதையும் காட்டுகின்றன. நான்காம் விடையில் சொன்ன 'நேர்ப்படுத்து' என்ற மூலப்பொருளுக்கு நெறியாள்கை நெருங்கி நிற்கிறது.

7. பேருந்து கண்டக்டர், இசைக்குழுவின் கண்டக்டர், மின்சாரம் பாயும் கண்டக்டர் எல்லாம் ஒரே சொல்லா?

ஒரே சொல்தான். இலத்தீனில் 'சேர்த்து அழைத்துச் செல்' என்பது மூலம். கூடவே இருந்து, தொடக்கம் முதல் முடிவு வரை கொண்டுசெல்வதுதான் 'கண்டக்ட்'. 'லீட்' முன்னால் போகிறது, 'டைரக்ட்' நின்ற இடத்தில் நிற்கிறது, 'கண்டக்ட்' உடன் வருகிறது. ஓட்டுநர் வண்டியைச் செலுத்த, நடத்துநர் பயணிகளோடு இருந்து பயணத்தை நடத்துகிறார்.

தமிழ் இங்கே ஆங்கிலத்தோடு வியக்கத்தக்க விதத்தில் ஒத்துப்போகிறது. 'கண்டக்ட்' வினையாக இருந்தால் 'நடத்து': கூட்டம் நடத்து, தேர்வு நடத்து, ஆய்வு நடத்து. அதே சொல் ஆங்கிலத்தில் பெயராக, முதல் அசையில் அழுத்தத்தோடு வந்தால் 'ஒழுக்கம்' என்ற பொருள் பெறுகிறது. தமிழில் அது 'நடத்தை'. நன்னடத்தைச் சான்றிதழும் தேர்வு நடத்துவதும் இரு மொழிகளிலும் ஒரே வேரிலிருந்து கிளைத்திருக்கின்றன. மின்சாரத்துக்கு மட்டும் நாம் 'நடத்து' என்பதை விட்டுக் 'கடத்து' என்று பிரித்துவிட்டோம்.

8. கப்பலைப் பற்றிப் படிக்கும்போது 'ஸ்டீயர்', 'பைலட்', 'நேவிகேட்' மூன்றும் வருகின்றன. மூன்றும் செலுத்துவதுதானே?

மூன்று பேர் செய்யும் மூன்று வேலைகள் அவை. வங்கக் கடலிலிருந்து கொல்கத்தாவுக்கு ஒரு கப்பல் வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். கடலில் இருக்கும் இடத்தைக் கணித்து, போக வேண்டிய பாதையை வரைபடத்தில் வகுப்பது 'நேவிகேட்'. சுக்கானைக் கையால் திருப்பி, சொன்ன திசையில் கப்பலின் முகத்தை வைத்திருப்பது 'ஸ்டீயர்'. ஊக்ளி ஆற்றில் மணல்திட்டுகள் இடம் மாறிக்கொண்டே இருக்கும். கடலையும் ஆற்றையும் சேர்த்தால் வழிகாட்டி தேவைப்படும் தூரம் 200 கிலோமீட்டருக்கும் கூடுதல். அதற்கென்று துறைமுகத்தின் பைலட் கயிற்றேணி வழியாகக் கப்பலில் ஏறுகிறார். அவர் சுக்கானைத் தொடுவதில்லை; எந்தத் திசை, எந்த வேகம் என்று சொல்கிறார். இவ்வளவு நடந்தாலும் கப்பலின் பொறுப்பு கேப்டனிடமே இருக்கிறது, 'கமாண்ட்' அவருடையது.

ஆகவே 'ஸ்டீயர்' என்ற வினை வந்தாலே கையில் ஒரு பிடி இருக்கிறது என்று நினையுங்கள். உரையாடலை ஒருவர் 'ஸ்டீயர்' செய்தார் என்றால், மற்றவர்கள் உணராத அளவில் சிறு சிறு திருப்பங்களால் பேச்சைத் தாம் விரும்பிய பக்கம் கொண்டுபோனார் என்று பொருள். அரசாளுதலைக் குறிக்கும் 'கவர்ன்' என்ற சொல்லும் சுக்கான் பிடிப்பதைக் குறித்த கிரேக்கச் சொல்லிலிருந்து இலத்தீன் வழியாக வந்ததுதான். அதே கிரேக்க வேரைக் கொண்டே கணிதவியலாளர் நார்பர்ட் வீனர், இயந்திரங்களிலும் உயிர்களிலும் கட்டுப்பாடு எப்படி நடக்கிறது என்று ஆராயும் தம் துறைக்கு 1948இல் 'சைபர்னெடிக்ஸ்' என்று பெயர் வைத்தார். இன்று நாம் சைபர் குற்றம் என்று சொல்லும்போது வாயில் வருவதும் அந்தச் சுக்கான்காரனின் சொல்லில் ஒரு துண்டு.

9. 'எஸ்கார்ட்', 'அஷர்', 'ஷெப்பர்ட்' என்பவற்றைச் சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

'எஸ்கார்ட்' பக்கத்தில் வருவது, காவலுக்காகவோ மரியாதைக்காகவோ. வந்தவரை வெளியேற்றும்போதும் இதே சொல் வரும் என்பதால் சூழலைப் பார்க்க வேண்டும். 'அஷர்' இலத்தீனில் வாயிற்காவலரைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. வாசலிலிருந்து இருக்கை வரை மட்டுமே அதன் தூரம். திரையரங்கில் டார்ச் அடித்து இருக்கை காட்டுபவர் செய்வது இதுதான். 'ஷெப்பர்ட்' என்பது கூட்டத்தைச் சிதறாமல் பின்னாலும் பக்கவாட்டிலும் நின்று ஒதுக்கி ஓட்டுவது. பள்ளிச் சுற்றுலாவில் ஆசிரியர்கள் பிள்ளைகளைப் பேருந்தில் ஏற்றுவதை நினைத்துக்கொள்ளுங்கள்.

10. 'லீட்' என்பதன் இறந்தகாலத்தை எழுதும்போது அடிக்கடி தவறுகிறது. ஏன்?

'ரீட்' என்ற வினை இறந்தகாலத்திலும் அதே எழுத்துகளோடு நின்று, ஒலியில் மட்டும் 'ரெட்' ஆகிறது. அதைப் பார்த்துப் பழகிய கை 'லீட்' என்பதிலும் எழுத்தை மாற்றாமல் விட்டுவிடுகிறது. போதாக்குறைக்கு, ஈயம் என்ற உலோகத்தின் ஆங்கிலப் பெயர் 'லீட்' போல எழுதப்பட்டு 'லெட்' என்று ஒலிக்கிறது. வழிநடத்தினார் என்ற பொருளில் வரும் 'லெட்' மூன்றே எழுத்து. நடுவில் 'ஏ' வராது. ஆங்கிலேயர்களும் இதில் தவறுகிறார்கள்.

11. அலுவலகக் கடிதத்தில் 'கைன்ட்லி கைட் மீ' என்று எழுதுகிறோம். தவறா?

இந்திய ஆங்கிலத்தில் இது வழக்கம். படிப்பவருக்குப் புரியும், தவறென்று சொல்ல மாட்டேன். ஆனால் பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ உள்ளவருக்கு எழுதும்போது, ஒரு கேள்விக்கு விடை கேட்க 'கைட்' என்பது பொருந்தாது. 'கைட்' நீண்ட வழிக்கு உரிய சொல். எந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும் என்று கேட்பதற்கு 'அட்வைஸ்' அல்லது வெறும் 'டெல்' போதும்.

ஆய்வு மாணவர்கள் 'என் கைட்' என்று சொல்வதும் இதே போன்றது. பிரிட்டனில் அவர் 'சூப்பர்வைசர்', அமெரிக்காவில் 'அட்வைசர்'. நம் சொல் அறிவையும், பிரிட்டனின் சொல் கண்காணிப்பையும், அமெரிக்காவின் சொல் ஆலோசனையையும் முன்னிறுத்துகின்றன. நம்முடையதே நல்ல சொல் என்பது என் கருத்து.

12. 'கைட்லைன்' என்றால் பின்பற்றாமல் விடலாம், 'டைரக்டிவ்' என்றால் கட்டாயம். இப்படிப் புரிந்துகொள்ளலாமா?

சொல்லளவில் சரி, சட்டத்தில் அப்படியே எடுத்துக்கொண்டால் ஏமாறுவீர்கள். இந்திய அரசமைப்பின் நான்காம் பகுதி, 36 முதல் 51 வரையிலான உறுப்புகள், 'டைரக்டிவ்' கோட்பாடுகள் என்றே பெயர் பெற்றவை. ஆனால் அவற்றை நீதிமன்றத்தின் வாயிலாகச் செயல்படுத்தக் கேட்க முடியாது என்று 37ஆம் உறுப்பு சொல்கிறது. நாட்டின் ஆட்சிக்கு அவை அடிப்படையானவை, சட்டமியற்றும்போது அரசு அவற்றைக் கடைப்பிடிக்க வேண்டும் என்றும் அதே உறுப்பு சொல்கிறது. நாளிதழ்கள் அவற்றை 'வழிகாட்டு நெறிமுறைகள்' என்று எழுதும்போது, பெயரைவிட்டு இயல்பை மொழிபெயர்க்கின்றன என்று சொல்லலாம்.

எதிர்ப்புறத்தில் 1997இல் வந்த விசாகா தீர்ப்பு இருக்கிறது. பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்க உச்ச நீதிமன்றம் வகுத்தவற்றுக்குப் பெயர் 'கைட்லைன்'கள். ஆனால் சட்டம் இயற்றப்படும் வரை அவையே சட்டமாகக் கட்டுப்படுத்தும் என்று அந்தத் தீர்ப்பு சொன்னது. 2013இல் தனிச் சட்டம் வரும் வரை அவைதாம் நடைமுறையில் இருந்தன. ஐரோப்பிய ஒன்றியத்தில் 'டைரக்டிவ்' என்பது மூன்றாவது வகை: அடைய வேண்டிய முடிவு உறுப்பு நாடுகளுக்குக் கட்டாயம், அடையும் முறை அவரவர் விருப்பம். இங்கே ஊரைச் சொல்லி வழியைப் போகிறவரிடம் விட்டுவிட்டார்கள். பெயரைப் பார்த்து முடிவுகட்டாமல், யார் வெளியிட்டது, மீறினால் என்ன ஆகும் என்பதைப் பார்த்த பிறகே தமிழ்ச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள்.

13. சட்ட வகுப்பில் 'டைரக்டரி' என்றால் கட்டாயமில்லாதது என்கிறார்கள். ஐந்தாம் விடைக்கு இது முரண் இல்லையா?

முரண்போலத் தோன்றும். ஒரு சட்டப் பிரிவு 'மாண்டேட்டரி' என்றால் அதைப் பின்பற்றாமல் செய்த செயல் செல்லாது. 'டைரக்டரி' என்றால், பின்பற்றியிருக்க வேண்டும் என்றாலும் அந்தக் குறைக்காகச் செயல் செல்லாமல் போவதில்லை. இது 'டைரக்ட்' என்பதன் முதற்பொருளான திசை காட்டுதலிலிருந்து கிளைத்தது. ஐந்தாம் விடையில் கண்டது அதன் இரண்டாம் பொருள்.

14. 'மிஸ்லீட்', 'மிஸ்கைட்', 'மிஸ்டைரக்ட்' எல்லாவற்றுக்கும் 'தவறாக வழிநடத்து' என்று போட்டுவிடலாமா?

கூடாது, மூன்றிலும் குற்றம் வெவ்வேறு இடத்தில் இருக்கிறது. 'மிஸ்லீட்' என்பதில் கேட்டவர் மனத்தில் பொய்யான எண்ணம் உருவாகிறது. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 'மிஸ்லீடிங்' விளம்பரம் என்று பேசுவது இதைத்தான். 'மிஸ்கைட்' வினையாக அரிதாகவே வரும். 'மிஸ்கைடட்' என்ற வடிவமே வழக்கம். அதில் ஏமாற்று இல்லை, நல்ல நோக்கமும் இருக்கலாம், கணிப்புத்தான் பிசகியிருக்கிறது. ஒருவரை அப்படிச் சொல்லும்போது 'தவறாக வழிநடத்தப்பட்டவர்' என்று எழுதினால், இல்லாத ஒரு மூன்றாம் ஆளை உள்ளே கொண்டுவந்துவிடுவோம். 'தவறான எண்ணம் கொண்ட' என்பதே பொருந்தும்.

'மிஸ்டைரக்ட்' என்பதில் ஒன்று தவறான இடத்துக்கு அனுப்பப்படுகிறது: முகவரி மாறிய கடிதம், திசை மாறிய கோபம். மந்திரவித்தைக்காரர் வலக்கையை ஆட்டி நம் கண்ணை அங்கே இழுத்துக்கொண்டு இடக்கையால் நாணயத்தை மறைப்பதும் இதுதான்.

15. மேற்பார்வைக்கு 'ஓவர்சைட்' என்று எழுதினேன். கவனக்குறைவு என்று பொருள் வந்துவிட்டது. எது சரி?

இரண்டும் சரி. 'ஓவர்சீ' என்றால் மேலிருந்து கவனித்தல், 'ஓவர்லுக்' என்றால் பெரும்பாலும் கவனிக்காமல் விடுதல். ஆனால் 'ஓவர்சைட்' என்ற ஒரே பெயர்ச்சொல் இரண்டு பொருளையும் தாங்குகிறது. குழு, அமைப்பு போன்ற சொற்கள் அருகில் இருந்தால் மேற்பார்வை. 'ஒரு' என்ற அடையோடு தனியாக வந்தால் கவனக்குறைவு. ஐயம் எழுமானால் 'சூப்பர்விஷன்' என்று எழுதிவிடுங்கள். இலத்தீன் வழி வந்த அந்தச் சொல்லுக்கும் 'மேலிருந்து காணுதல்' என்பதே மூலப்பொருள்.

கண்காணி என்ற நம் சொல், இலங்கை, மலாயாத் தோட்டங்களில் 'கங்காணி' ஆகி ஆங்கிலத்துக்கே போய்விட்டது. கங்காணி ஆட்களைத் திரட்டி அழைத்துப் போனவர், தோட்டத்தில் வேலை வாங்கியவர், கணக்கும் வைத்தவர். இந்த மூன்றையும் சேர்த்துச் சொல்ல ஓர் ஆங்கில வினை கிடைக்காததால்தான் தமிழ்ச் சொல்லையே எடுத்துக்கொண்டார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

16. ஒரு ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு தமிழ்ச் சொல் என்று முடிவு செய்துகொண்டால் குழப்பமே இருக்காதே?

ஒப்பந்தத்திலும் சட்டத்திலும் அப்படித்தான் செய்ய வேண்டும். பன்னிரண்டாம் விடையின் சிக்கல்கள் அங்கே வழக்காகவே முடியும். மற்ற எழுத்துகளில் அந்த விதி உதவாது. விவிலியத்தின் 23ஆம் சங்கீதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1611ஆம் ஆண்டின் ஆங்கில மொழிபெயர்ப்பில், மேய்ப்பர் தண்ணீர் அருகே கூட்டிப்போவதற்கும் நீதியின் பாதையில் செல்ல வைப்பதற்கும் 'லீட்' என்ற ஒரே வினைதான் இருக்கிறது. பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் முதலாவது 'கொண்டுபோய் விடுகிறார்', இரண்டாவது 'நடத்துகிறார்'.

எபிரேய மூலத்தைத் திறந்தால் அங்கேயும் இரண்டு வெவ்வேறு வினைகள். ஆங்கிலம் ஒன்றாக்கிய இடத்தில் தமிழ் மூலத்தைப் போலவே பிரித்துக் காட்டுகிறது. தாகத்தோடு இருக்கும் ஆட்டைத் தண்ணீர் வரை கொண்டுபோய் விட்டால் போதும், குடிப்பதை அது பார்த்துக்கொள்ளும். நீதியின் பாதையிலோ அடிக்கு அடி உடன் இருந்து நடத்த வேண்டியிருக்கிறது.